அவிநாசிப் புழக்கடை வாழையும் உபரித் தார்ச் சிக்கலும்: ஓர் ஆய்வு

1. முன்னுரை

அவிநாசி வட்டாரத்தில் வீட்டுக்குப் பின்னால் வாழை வைத்திருப்பவரிடம் "எப்படி வளர்த்தீர்கள்?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே விடைதான் வரும்: "நாங்க எங்கீங்க வளர்த்தோம்? அதுபாட்டுக்கு வந்துருச்சுங்க." வேறெந்தப் பயிரைக் குறித்தும் இப்படியொரு பொறுப்புத் துறப்பைக் கேட்க முடியாது. நாலு கத்தரிச்செடி வைத்தவர் நாற்பது நாள் கதை சொல்வார். ரோஜாப் பதியனுக்குப் பெயரே வைத்தவர்கள் உண்டு. வாழையை மட்டும் யாரும் வளர்ப்பதில்லை. ஆனாலும் சேவூர் சாலையிலிருந்து பழங்கரை வரை எட்டிப் பார்க்கிற மதில் சுவருக்கெல்லாம் பின்னால் ஒரு வாழை இலை ஆடிக்கொண்டிருக்கிறது. யாரும் வளர்க்காத பயிர் வீட்டுக்கு வீடு நிற்பது எப்படி? இவ்வினாவே இவ்வாய்வின் தோற்றுவாய்.

இவ்வாய்வின் கருதுகோள்: புழக்கடை வாழை வீட்டுக்காரருக்குச் சொந்தமானது அன்று. அது ஒரு கையிலிருந்து வந்து இன்னொரு கைக்குப் போகிறது. போகும் வழியில் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் அவர் வீட்டுத் துவைகல்லுக்குப் பக்கத்தில் தங்கிச் செல்கிறது. வாடகையாக ஒரு தார் தருகிறது. அந்த வாடகையை என்ன செய்வது என்று தெரியாமல் குடும்பம் படும் பாடே இங்கு "உபரித் தார்ச் சிக்கல்" எனப்படுகிறது.

ஆய்வின் எல்லை புழக்கடை மட்டுமே. மேட்டுப்பாளையம், சிறுமுகை, சத்தியமங்கலம் பக்கம் ஏக்கர் கணக்கில் வாழை போடும் தோட்டத்துக்காரர்கள் இதில் சேர்க்கப்படவில்லை. அவர்களுக்கு வாழையைப் பற்றி நன்றாகத் தெரியும் என்பதால் அவர்களை ஆய்ந்து பயனில்லை. முதன்மைச் சான்றாதாரம், துணி துவைக்கும் நேரத்தில் மதிலுக்கு இருபுறமும் நடக்கும் பேச்சு. துணைமைச் சான்றாதாரம், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சாகுபடிப் பரிந்துரைகள். இரண்டும் முரண்படும் இடங்களில் முன்னதே செல்லும். பின்னதை மதிலுக்கு இரண்டு பக்கத்திலும் யாரும் படித்திருக்கவில்லை.

2. முன்னாய்வுகள்

வீட்டு வாழையை ஆராய்ந்தவர்களில் முதலில் வைக்க வேண்டியவர் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ். ஹாலந்தில் ஜார்ஜ் கிளிஃபர்ட் என்ற செல்வரின் ஹார்ட்டேகாம்ப் தோட்டத்துக் கண்ணாடி வீட்டில் அவர் ஒரு வாழையைப் பூக்க வைத்தார். பூத்ததும் 1736இல் அந்த ஒற்றை வாழையைப் பற்றியே ஒரு நூல் எழுதி அச்சிட்டார். ஒரு வாழைக்கு ஒரு நூல் என்னும் இந்த விகிதத்தை அவிநாசிக்குப் பொருத்தினால் ஊரில் நூலகம் கட்ட இடம் போதாது. எனவே இக்கட்டுரையின் நீளத்தை வாசகர் பெரிதுபடுத்தலாகாது.

லின்னேயஸ் கையாண்ட முறை நமக்கு முக்கியமானது. நல்ல மண்ணில் வைத்து, சில வாரம் தண்ணீரே காட்டாமல் காயவிட்டு, பிறகு வெப்பநாட்டு மழையைப்போல் ஒரேயடியாகத் தண்ணீரைக் கொட்டினார். இம்முறையை நம்மூர்த் தெருக்குழாய்கள் நெடுங்காலமாகத் தாமாகவே கைக்கொண்டு வருகின்றன என்பதை இவ்விடத்தில் பதிவு செய்வது ஆய்வாளர் கடமை.

தமிழ் மரபில் புழக்கடை வாழைக்கு இதைவிடப் பழைய சான்று உண்டு. திங்களூர் அப்பூதி அடிகள் வீட்டுக்குத் திருநாவுக்கரசர் வந்தபோது, உணவு படைக்க வாழைக்குருத்து அரிந்துவரத் தோட்டத்துக்குப் போன மூத்த மகனைப் பாம்பு தீண்டியதைப் பெரியபுராணம் சொல்கிறது. பையன் இலையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டே விழுந்தான். நாவுக்கரசர் பதிகம் பாடி அவனை எழுப்பினார். சமயப் பொருளைச் சமய அறிஞர்களுக்கு விட்டுவிட்டு, நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுதான்: வாழைத்தூரில் சருகு சேரவிட்டால் பாம்பு வரும். பாடுவதற்கு ஆள் இல்லாத வீடுகள் சருகை மாதம் ஒருமுறை அறுத்துவிடுவது நலம்.

மூன்றாவது முன்னாய்வு வகைப்பாடு பற்றியது. சிம்மண்ட்ஸ், ஷெப்பர்ட் என்னும் இருவர் 1955இல் உலகத்தில் உண்ணப்படும் வாழைகளில் பெரும்பாலானவற்றை இரண்டு காட்டுப் பாட்டிகளின் வழிவந்தவை என்று கண்டு, முதல் பாட்டிக்கு 'ஏ', இரண்டாம் பாட்டிக்கு 'பி' என்று குறியிட்டனர். பதினைந்து அடையாளங்களைப் பார்த்து மதிப்பெண் போட்டுப் பிரித்தனர். அக்கணக்கில் பூவனும் ரஸ்தாளியும் நேந்திரனும் ஏஏபி. கற்பூரவல்லி ஏபிபி. இப்போது எல்லாக் கடைகளிலும் தொங்கும் ஜி9 முழுக்க முழுக்க ஏஏஏ.

அவிநாசி வகைப்பாடு இதனோடு சற்றும் ஒத்துப்போவதில்லை. "இது என்ன ரகம்?" என்றால் "இது கருவலூர் பெரியம்மா ஊட்டு வாழைங்க" என்று வரும். அடுத்தது "பெருமாநல்லூர் அத்தை வாழை." மூலையில் நிற்பது "சேவூர் அம்மிச்சி இருந்தப்பக் குடுத்தது." வாழை இங்கே கொடுத்தவரின் பெயரால் அறியப்படுகிறது. பழத்தின் பெயர் தார் தள்ளிப் பழுத்த பிறகே தெரியவரும். சில வீடுகளில் அப்போதும் தெரிவதில்லை. "இனிப்பா இருக்குமுங்க" என்பதோடு அந்த ஆய்வு நின்றுவிடுகிறது. சிம்மண்ட்ஸ் முறையைவிட இது கருதுகோளுக்கு நெருக்கமாக இருப்பதால் இக்கட்டுரை இதையே பின்பற்றுகிறது.

3. ஆய்வுக் களம்

அவிநாசி வாழைக்கென்று படைக்கப்பட்ட ஊரன்று. வாழைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 முதல் 2,000 மில்லிமீட்டர் மழை தேவை என்கின்றன பாடநூல்கள். மேற்குமலையின் மறைவில் கிடக்கும் இந்த மேட்டுநிலத்தில் அதில் பாதியைக் கண்டாலே குட்டை நிறைந்து பேச்சாகிவிடும். நல்லாறு என்று பெயர் வைத்த ஆறு பெரும்பாலான நாட்களில் மணலாகத்தான் இருக்கிறது. நிலக்கடலைக்கும் சோளத்துக்கும் ஏற்ற செம்மண். கடலை ஏலத்துக்குச் சேவூர் பெயர் பெற்றதற்கும் காரணம் அதுவே.

தண்ணீர் வேண்டி இந்த ஊர் தலைமுறை கணக்கில் காத்திருந்தது. பவானியின் உபரிநீரை, காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழிருந்து ஆண்டுக்கு 1.5 டிஎம்சி மேலேற்றி, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுசேர்க்கும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் மாதம் பயன்பாட்டுக்கு வந்தது. ஆனால் புழக்கடை வாழை அதற்காகக் காத்திருக்கவில்லை. அது தனக்கென ஒரு பாசனத் திட்டத்தை அதற்கு வெகுகாலம் முன்பே நிறைவேற்றிக்கொண்டது. அதன் பெயர் சலதாரை.

வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொட்டுநீரில் வாழைக்கு நாளொன்றுக்குக் கொடுக்கச் சொல்லும் அளவு: நட்டதிலிருந்து நாலு மாதம் வரை 15 லிட்டர், ஐந்தாம் மாதம் முதல் தார் தள்ளும் வரை 20 லிட்டர், அதன்பின் அறுப்புக்குப் பதினைந்து நாள் முன்புவரை 25 லிட்டர். இனி ஒரு சாதாரணக் குடும்பத்தைப் பார்ப்போம். காலையில் அரிசி களைந்த தண்ணீர், சாமான் கழுவிய தண்ணீர், பனியன் கம்பெனிக்குப் போகுமுன் ஆளுக்கு இரண்டு சொம்பு கால் கழுவியது, ஞாயிற்றுக்கிழமை ஒரு வாரத் துணியை அலசியது. இதெல்லாம் ஒரே வாய்க்காலில் போய் ஒரே தூரில் நிற்கிறது. பல்கலைக்கழகம் சொன்ன அளவு கணக்குப் பார்க்காமலே பூர்த்தியாகிறது. பிள்ளைகள் பெரிதாகத் துவைக்கும் துணி கூட, வாழை பெரிதாகக் குடிக்கும் தண்ணீரும் கூடுகிறது. இந்த இசைவைத் திட்டமிட்டவர் யார் என்று ஆய்வால் கண்டறிய இயலவில்லை.

ஓர் எச்சரிக்கை மட்டும் தேவை. வாழைக்கு உப்பு ஆகாது. உப்புத் தண்ணீரும் சோப்புத் தண்ணீரும் தேங்கினால் இலையோரம் பழுப்பேறிக் கருகும். நொய்யல் கரையில் சாயநீர் ஓடிய காலத்தில் உப்பேறிய மண் என்ன ஆகும் என்பதைத் திருப்பூர் மாவட்டமே பார்த்தது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்கு அது போயிற்று. சலவைத்தூளில் ஊறவைத்த முதல் தண்ணீரை வேறு பக்கம் திருப்பிவிட்டு, அலசிய தண்ணீரை மட்டும் வாழைக்கு விடுவது நல்லது. ஒரு செங்கல்லை நகர்த்தினால் வாய்க்கால் திரும்பும்.

4. ஆய்வுப் பொருளின் இயல்பு

வாழை மரமன்று என்பதைப் பள்ளியில் படித்த எல்லோரும் மறந்துவிட்டு, வாழைமரம் என்றே சொல்லி வருகிறோம். நாம் மரம் என்று தட்டிப் பார்ப்பது இலைக்காம்புகளின் அடிமட்டைகள் ஒன்றையொன்று இறுகச் சுற்றிக்கொண்ட கட்டு. அசல் தண்டு மண்ணுக்குள் கிழங்காகக் கிடக்கிறது. வளரும் முனையும் பூக்கும் காலம் வரை அங்கேயே தரைமட்டத்தில் பதுங்கியிருக்கிறது. அங்கிருந்து வாரத்துக்கு ஒன்று, பத்து நாளுக்கு ஒன்று என்று குருத்து மேலே ஏறி விரியும். முப்பது நாற்பது இலை விட்ட பிறகு, ஒரு நாள், அதுவரை யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்த பூந்தண்டை அந்த மட்டைக் குழாய்க்குள்ளேயே ஏற்றி உச்சியில் வெளியே தள்ளும். அந்தத் தண்டைத்தான் நாம் தார் அறுத்த பிறகு பொரியலாக உண்கிறோம்.

இதைக் கண்ணால் காண ஒரு சோதனை உண்டு. தார் தள்ளாத பக்கக்கன்று ஒன்றைக் காலையில் முழங்கால் உயரத்தில் குறுக்கே அரிவாளால் ஒரே வீச்சில் வெட்டுங்கள். வெட்டுவாய் தட்டையாக, வட்டத்துக்குள் வட்டமாக, சாறு கசிந்து நிற்கும். பல் துலக்கி, பலகாரம் சாப்பிட்டு, திரும்பி வந்து பாருங்கள். நடு வட்டம் மட்டும் வெளிவட்டங்களைத் தாண்டி மேலே எழும்பியிருக்கும். மாலை கம்பெனி விட்டு வருவதற்குள் அது ஓரங்குலத்துக்கு மேல் உயர்ந்து, வெளுத்த குழாயாய் நிற்கும். ஓரிரு நாளில் அதன் நுனி பிரிந்து, குறுக்கே வெட்டுப்பட்ட அதே இலை, தலைப்பகுதி இல்லாமல் விரியத் தொடங்கும்.

ஆடு கடித்துத் தரையோடு தீர்த்துவிட்ட கன்றும் இப்படித்தான் மீள்கிறது. முதலை விழுங்கிய பாலகன், சுந்தரர் பாடியதும் இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியோடு கரையேறினான் என்பது அவிநாசித் தலத்தின் வரலாறு. அந்த ஊரில் ஆடு விழுங்கிய கன்று நாலு நாளில் திரும்பி வருவதைக் கண்டு யாரும் வியப்பதில்லை. வியக்காமல் இருப்பதும் ஒரு தரவே.

வேண்டாத கன்றை ஒழிக்க நினைப்பவர் வெட்டினால் மட்டும் போதாது என்பது இதனால் பெறப்படும். வெட்டியபின் கடப்பாரை நுனியால் நடுக்குருத்தைக் கிழங்குவரை தோண்டி எடுக்க வேண்டும், அல்லது குருத்தில் சில சொட்டு மண்ணெண்ணெய் விட வேண்டும். ரேஷனில் மண்ணெண்ணெய் கிடைப்பது அருகியதும் புழக்கடை வாழைகள் புதராகியதும் ஒரே காலத்தில் நடந்தவை. இரண்டுக்கும் உள்ள தொடர்பு மேலாய்வுக்குரியது.

5. கன்று வரும் வழி

நாம் உண்ணும் வாழைக்கு விதை இல்லை. மகரந்தம் சேராமலே காய் பருக்கிறது. பெரும்பாலான ரகங்களுக்கு விதை பிடிக்கும் திறனும் போய்விட்டது. பறவை தூக்கிப் போட முடியாது, காற்று கொண்டுபோக முடியாது. மனிதன் கிழங்கோடு பெயர்த்து, சாக்கில் கட்டி, அடுத்த வீட்டுக்குக் கொடுத்தால்தான் அது ஓரடி நகரும். பப்புவா நியூகினியின் கூக் சதுப்புநிலத்தில் ஏறத்தாழ ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வாழை நட்டதற்குத் தடயம் கிடைத்திருக்கிறது. கிழக்குத் தீவுகளின் பக்கம் தொடங்கிய இந்தப் பயணம் கருவலூர் பெரியம்மா வீடுவரை வந்து சேர்ந்ததென்றால், இடையில் எத்தனை பெரியம்மாக்கள் இருந்திருக்க வேண்டும்! உலக வாழை வரலாறு என்பது சொந்தபந்தங்களின் வரலாறே என இவ்வாய்வு துணிகிறது.

கன்றில் இரண்டு வகை. குறுகிய வாள்போன்ற இலையோடு, அடி பருத்து, தாய்க்கிழங்கோடு ஒட்டி வருவது ஈட்டிக்கன்று. சின்ன வயதிலேயே அகன்ற இலை விட்டுப் பகட்டாக நிற்பது நீர்க்கன்று. நடுவதற்கு உகந்தது ஈட்டிக்கன்று, ஒன்றரை முதல் இரண்டு கிலோ எடையில். கொடுப்பவர்கள் பெரும்பாலும் எடுத்து நீட்டுவது நீர்க்கன்று. பார்வைக்கு அழகாகவும் பெயர்க்க எளிதாகவும் இருப்பதால் கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் மனம் நிறைகிறது. தார் சிறுத்துப்போவது பின்னால் தெரியும். அதற்குள் கொடுத்தவர்மேல் கோபப்படும் காலம் கடந்துவிடும்.

கொடுக்கல் வாங்கலில் நோயும் கைமாறும் என்பது இந்த உறவுமுறையின் கசப்பான பக்கம். ரஸ்தாளியைத் தாக்கும் வாடல் நோய் கிழங்கிலும் மண்ணிலும் ஒளிந்து வரும். முடிக்கொத்து நோய் கண்ட வாழையின் இலைகள் குட்டையாகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாகக் கூடி நிற்கும். அசுவினி பரப்பும் அந்த வைரஸ், பக்கக்கன்று வழியாகவும் போகும். சிறுமலை, விருப்பாச்சி மலைவாழைகள் 2008இல் புவிசார் குறியீடு பெற்ற பெருமைக்குரியவை. அவற்றைப் பல பத்தாண்டுகளாக உலுக்கி வருவது இந்த முடிக்கொத்துதான். இதற்கு மருந்தில்லை. தூரோடு தோண்டி அழிப்பதே வழி. திருச்சியில் 1993 முதல் இயங்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் நோயற்ற கன்றுக்காக உழைத்து வருகிறது. அவ்வளவு தூரம் போக இயலாதவர்களுக்கு நம் முன்னோர் வேறோர் இடத்தில் சொன்ன விதி இங்கும் பொருந்தும்: தாயைப் பார்த்துப் பெண்ணெடு. தாய்வாழை நல்ல தார் தள்ளி நிற்பதைக் கண்ணால் பார்க்காமல் கன்றுக்குக் கை நீட்டக்கூடாது.

நடுமுறை சுருக்கமானது. முழங்கை ஆழம், அதே அகலத்தில் குழி. தொழுவுரம், கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு, மேல்மண். கிழங்கின் பழைய வேர்களைச் சீவிவிட்டு நட்டு, சுற்றி மிதித்துவிட வேண்டும். ஒரு வாழைக்குத் தழைச்சத்து 110 கிராம், மணிச்சத்து 35 கிராம், சாம்பல்சத்து 330 கிராம் என்பது தோட்டக்கால் வாழைக்கான பரிந்துரை. கடைசி எண்ணின் பெருக்கத்தைக் கவனிக்க. விறகடுப்பு இருந்தவரை பாட்டிமார் தினமும் அடுப்புச் சாம்பலை அள்ளி வாழைத்தூரில் கொட்டியது குப்பை ஒழிப்பதற்காக என்றுதான் மருமகள்கள் நினைத்திருந்தார்கள். சிலிண்டர் வந்தபின் தார் இளைத்ததற்குத் திருஷ்டி காரணம் என்று பூசணிக்காய் உடைத்த வீடுகளும் உண்டு.

6. எல்லை தாண்டும் வாழை

தாய்க்குப் பக்கத்தில் கன்று, கன்றுக்குப் பக்கத்தில் பேத்தி என்று மறுதாம்பு விட்டுக்கொண்டே போனால் வாழைத்தூர் இருந்த இடத்தில் இராது. மெல்ல மெல்ல ஒரு திசையில் நகரும். வாழையடி வாழை என்று வாழ்த்துவோர் இந்த நகர்வைக் கணக்கில் எடுப்பதில்லை. மதிலோரம் வைத்த வாழை சில ஆண்டுகளில் மதிலடியைத் தொடும். அதன்பின் இலை அவர்கள் பக்கம், தூர் நம் பக்கம். சருகு அவர்கள் பக்கம், தார் யார் பக்கம் என்பதில் பேச்சு வளரும்.

தோட்டக்காரர் கணக்கில் இதற்கு ஒரு முன்யோசனை உண்டு. கன்றைத் தாய்க்கிழங்கிலிருந்து பிரித்த வெட்டுவாய் எந்தப் பக்கமோ, அதற்கு எதிர்ப்பக்கம் தார் தொங்கும் என்பார்கள். எனவே வெட்டுவாயைப் பக்கத்து வீட்டை நோக்கி வைத்து நட்டால் தார் நம் வீட்டை நோக்கித் தொங்கும். இதைத் தெரிந்துகொண்டு பக்கத்து வீட்டுக்காரரும் அப்படியே நட்டால் இரண்டு தாரும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டி நிற்கும். அதைப் பார்த்தே அவ்விரு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

ஆனால் இறுதித் தீர்ப்பு வழங்குவது மேக்காத்து. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று, அம்மி பறக்கும் என்று பழமொழி சொல்லும் காற்று, பாரம் சுமந்த வாழையைக் கிழக்கே சாய்க்கும். ஆகவே மேற்கிலிருப்பவர் வளர்த்த தார் கிழக்கிலிருப்பவர் வாசலில் விழுவதே இயற்கை நீதி. இதைத் தடுப்பதற்கே முட்டுக்கொம்பு. கவையுள்ள சவுக்குக் கம்பைத் தார் சாயும் பக்கம் ஊன்றி, கழுத்தில் கட்டவேண்டும். கயிற்றுக்குத் திருப்பூர் வட்டாரத்தில் பஞ்சமே இல்லை. கட்டிங் வேஸ்டில் வரும் பனியன் துணி நாடா இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும், வாழையின் தோலை அறுக்காது.

7. வாழை உடுத்தும் உடை

இவ்வட்டாரத்துக்கே உரிய கண்டறிதல் ஒன்றை இங்கு வைக்கிறோம். வணிக வாழையில் தாரை வெயில், பூச்சி, அணில், வௌவாலிலிருந்து காக்க உறை போடுவது உலக வழக்கம். அதற்கென்றே தனி உறைகள் விற்கின்றன. அவிநாசியில் வாழைத்தார் பனியன் போட்டுக்கொள்கிறது.

செக்கிங்கில் ஊசித்துளை கண்டு கழிக்கப்பட்ட ரிஜெக்ட் பீஸ் ஒன்று, காதர்பேட்டைச் சந்தைக்குப் போகாமல் வீட்டுக்கு வந்தால், அதன் வழி இதுதான். கடைசிச் சீப்பு விரிந்து, பூவை ஒடித்த மறுநாள், வீட்டுக்காரர் ஸ்டூல் போட்டு ஏறி, கழுத்துப் பக்கம் மேலே வருமாறு தாரின் கீழிருந்து உருவி ஏற்றுவார். காம்பைச் சுற்றிக் கழுத்தை இறுக்கி ஒரு முடிச்சு. அடிப்பக்கம் காற்றாடத் திறந்திருக்கும். கைகள் இரண்டும் பக்கவாட்டில் தொங்கும். ரஸ்தாளிக்கு எல் போதும். பூவனுக்கு எக்ஸ்எல். ஜி9க்கு ஐரோப்பிய அளவில் டபுள் எக்ஸ்எல் இல்லாமல் ஆகாது. ஜெர்மனியில் யாரோ ஒருவர் கோடை விடுமுறைக்குப் போட வேண்டிய கடற்கரைப் படம் போட்ட பனியன், பழங்கரையில் ஒரு பூவன் தாருக்குச் சரியாகப் பொருந்தி நிற்கும். இருட்டில் புழக்கடைக்குப் போகும் விருந்தினர் "யாருங்க அது?" என்று கேட்பது இதன் பக்கவிளைவு.

வாழைக்கு உடை உடுத்துவது நாம் மட்டும் செய்வதன்று. வங்கத்தில் துர்கா பூசையின்போது வாழைக்கன்றுக்குச் சிவப்புக்கரை போட்ட வெள்ளைச் சேலை உடுத்திப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் முக்காடோடு நிறுத்துவார்கள். லைன் வீட்டில் குடியிருக்கும் வங்காளத் தொழிலாளிகளுக்கு நம் பனியன் வாழை அதனால் அவ்வளவு விசித்திரமாகப் படுவதில்லை. நம்மூரிலும் திருப்பைஞ்ஞீலியில் திருமணத் தடை நீங்க வாழைக்குத் தாலி கட்டுகிறார்கள். சேலையும் தாலியும் முன்பே இருந்தன. பனியனைச் சேர்த்தது இவ்வட்டாரத்தின் பங்களிப்பு.

8. உபரித் தார்ச் சிக்கல்

கருதுகோளின் மையத்துக்கு வந்துவிட்டோம். நல்ல பூவன் தார் ஒன்றில் நூற்றைம்பது காய்க்கு மேல் இருக்கும். வீட்டில் நால்வர். பூ வெளிவந்து மூன்று நான்கு மாதம் எல்லோரும் அதை அண்ணாந்து பார்த்துக் காத்திருக்கிறார்கள். மேல் சீப்பில் ஒரு காய் மஞ்சளானதும் வீடு கொண்டாடுகிறது. அது கொண்டாட்டத்துக்குரிய செய்தியன்று. பழுக்கும் காய் எத்திலீன் என்னும் வாயுவை விடுகிறது. அந்த வாயு பக்கத்துக் காயைப் பழுக்கச் சொல்கிறது. அது அடுத்ததை. நாலைந்து நாளில் நூற்றைம்பதும் ஒரே குரலில் பழுத்து நிற்கும். சாக்குக்குள் தாரை வைத்து ஊதுபத்தி ஏற்றி மூடும் வீட்டு வைத்தியமும் புகையிலுள்ள எத்திலீனையே நம்பியிருக்கிறது. கடைக்காரர் எத்திலீன் வாயுவை அளவோடு செலுத்த உணவுப் பாதுகாப்பு விதி அனுமதிக்கிறது. கார்பைட் கல்லுக்குத் தடை. வீட்டு வாழைக்கு இரண்டுமே வேண்டாம். அது பழுப்பதில் ஒரு குறையும் வைத்ததில்லை, நிறுத்துவதுதான் அதற்குத் தெரியாது.

முதல் நாள்: சாமிக்கு ஒரு சீப்பு. பிள்ளைகள் ஆளுக்கு மூன்று. இரண்டாம் நாள்: இருபுறத்து வீடுகளுக்கும் தலா ஒரு சீப்பு. இவ்விடத்தில் ஓர் இடர் எழுகிறது. பக்கத்து வீட்டு வாழை நம் வாழையின் கன்று, நம்மோடு சேர்ந்தே தார் தள்ளியது. அவர்களும் ஒரு சீப்போடு வாசலில் நிற்கிறார்கள். பூவனுக்குப் பூவன் கைமாறி, இரு வீட்டு இருப்பும் மாறாமல் நிற்கிறது. பொருளியலார் இதை எப்படி அழைப்பார்களோ, மதிலுக்கு மேலிருந்து கேட்டது இதுதான்: "ஏனுங்க்கா, எங்கூட்டுலயே கெடக்குதுங்க, நீங்க எடுத்துக்கோங்க." "அட, எங்கூட்டுலயுந்தான் கண்ணு. பழனிக்குப் போறப்ப சொல்லு, பஞ்சாமிர்தத்துக்குக் குடுத்துடலாம்."

மூன்றாம் நாள் பழம் கம்பெனிக்குப் போகிறது. பாலிதீன் கவரில் நாலு சீப்பு. டீ நேரத்தில் செக்கிங் பெண்கள் முதலில் எடுப்பார்கள், பிறகு டெய்லர்கள், பிறகு அயனிங். சூப்பர்வைசருக்கு மட்டும் காகிதத்தில் சுற்றிய தனிச் சீப்பு. நான்காம் நாள் மிச்சம் லைன் வீட்டுக்கு. ஐந்தாம் நாள் மாடு. மாடு இல்லாத தெருக்களில் இந்தக் கட்டத்தைக் குளிர்பதனப் பெட்டி ஏற்கிறது. அங்கே பழம் கறுத்து, "நாளைக்குப் பணியாரம் சுடலாம்" என்ற உறுதிமொழியோடு காலம் கழிக்கிறது.

தாரைத் தவிர மற்றவற்றுக்கு ஆள் தயாராக இருப்பது குறிப்பிடத்தக்கது. வாழைப்பூவும் தண்டும் என்றால் வங்காளத்துப் பெண்கள் முன்பே சொல்லிவைக்கிறார்கள். நம் வீடுகளில் பூவை ஆய்ந்து, ஒவ்வொன்றிலும் கள்ளனை உருவ உட்காரும் பொறுமை குறைந்துவருகிறது, அவர்களிடம் குறையவில்லை. தீபாவளி கழிந்து ஆறாம் நாள் சட் பூசைக்குப் பீகார்க்காரர்கள் முழுத்தாராகவே கேட்கிறார்கள். தீபாவளியை ஒட்டித் தார் முதிரும்படி நட்டவருக்குச் சிக்கல் ஒரே நாளில் தீர்ந்துவிடும். பந்தல்காலில் கட்டத் தாரோடு ஜோடி வாழை தேடும் கலியாண வீட்டார் கிடைத்தால் அதைவிட மேல்: தார், இலை, மட்டை எல்லாமே வண்டியேறிவிடும்.

ஆண்டு முழுவதும் கைமாறாமல் மிஞ்சிய நீர்க்கன்றுகளுக்கு ஆயுத பூசையன்று பிறவிப்பயன் கிட்டுகிறது. நிட்டிங் மெஷின் முதல் டெலிவரி வேன் வரை ஒவ்வொன்றுக்கும் இருபக்கமும் கன்று வேண்டும். முந்தின மாலை கம்பெனிப் பையன்கள் அரிவாளோடு வீடு வீடாகக் கேட்டு வருவார்கள். மண்ணெண்ணெய் செய்யத் தவறிய வேலையைச் சரசுவதி செய்துகொடுக்கிறாள்.

9. முடிவுகளும் பரிந்துரைகளும்

அ. வாழை வளர்ப்பது எளிது, பங்கிடுவதே கடினம். ஆகவே குழி தோண்டும் முன் கடப்பாரையைத் தேடாமல், பழம் கொடுக்கத் தகுந்த வீடுகளைத் தேடிக்கொள்ள வேண்டும்.

ஆ. ஒரு தூருக்கு ஒரு தாய், ஒரு கன்று. மூன்றாவதாக வருவதை மாதம் ஒருமுறை குருத்தோடு நீக்க வேண்டும். இலைக்கு ஆசைப்பட்டு அறுத்துக்கொண்டே இருக்கக் கூடாது. தார் தள்ளும்போது எட்டு இலையாவது இருந்தால்தான் காய் திரளும்.

இ. தார் முழுவதையும் பழுக்கவிடுவது ஆசையின் விளைவு. கீழ்ச் சீப்புகளைப் பச்சையாகவே அறுத்து வறுவலுக்கும் கூட்டுக்கும் கொடுத்துவிட்டு, மேலிருப்பவற்றைச் சீப்புச் சீப்பாகத் தனித்தனி அறையில் வைக்க வேண்டும். எத்திலீனுக்குச் சுவர் ஏறத் தெரியாது.

ஈ. பக்கத்து வீட்டில் பூவன் இருந்தால் நம் வீட்டில் கற்பூரவல்லி நட வேண்டும். கற்பூரவல்லி அறுப்புக்கு வர ஏறத்தாழ பதினான்கு மாதம் ஆகும். இரு வீட்டுத் தாரும் ஒரே வாரத்தில் பழுக்காது, சண்டையும் வராது.

உ. பனியனைத் தார் அறுத்தபின் துவைத்து மடித்து வைக்க வேண்டும். வாழைப்பாலின் கறை போகாது. அதனால் அது வாழைக்கே உரிய பனியனாக அடுத்த ஆண்டும் பயன்படும்.

இவ்வாய்வை முடித்த கையோடு ஈட்டிக்கன்றுகள் சில மீதமுள்ளன. தாய்வாழை நோயற்றது, தார் தள்ளி நிற்கிறது, நேரில் பார்க்கலாம். வேண்டுவோர் சாக்கும் கடப்பாரையும் கொண்டுவரவும். வேண்டாதவர்கள் மட்டும் முன்கூட்டியே தெரிவித்துவிடவும். தெரிவிக்காத வீடுகளின் வாசலில் இரவோடு இரவாக வைத்துவிட்டு வருவோம்.